நினிவேக்கு வழி கேட்டுச் சிட்னிக்குப் போனது

காரில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டியவர் றொபேட். பக்கத்தில் அவருடைய அத்தான் ஜெயசீலன் அண்ணை. பின்சீற்றில் சாப்பாட்டுப் பெட்டியோடு நான். வராதவர் ஜெயசீலன் அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா. ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்பது அவர் வெளியே சொன்ன காரணம். யாரைப் பற்றி விசாரிக்க இந்தப் பயணமோ அவரும் வரவில்லை. அவர் இறந்து ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு வருடம் என்கிறார்கள். இறந்தார் என்றால் அதற்கு முதல் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தாரா என்று கேட்டு வரத்தான் புறப்பட்டோம்.

1976 தை 22, வியாழன். மெல்பேண், டண்டினொங், காலை 5.40.

இரவு வேலை முடித்து வந்த உடுப்போடேயே ரஞ்சி அக்கா குசினிக் கதவடியில் நின்றார்.

"இஞ்சேருங்கோ, அந்த ஆள் உண்மையா இருந்தவரோ எண்டு வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. இல்லாத ஒரு மனிசனுக்குச் சொன்ன கட்டளைக்காக நான் என்ர வேலையை விடமாட்டன்."

"இருந்தவர் எண்டு சொன்னால்?" என்றார் அண்ணை.

"சொல்லட்டும். பேந்து பாப்பம்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலன் அண்ணை டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைகிறவர். வந்து நாலு வருடம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் அவர் படித்த சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து கார்த்திகை மாதம் ஒரு கடிதம் வந்தது. கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை, நீர் வந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். அண்ணை அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். பதில் போடவில்லை. ரஞ்சி அக்காவிடம் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

பிறகு வருடப் பிறப்பு வந்தது. இவர்கள் மெதடிஸ்ற் ஆட்கள். வருடப் பிறப்பு ஆராதனைக்குப் பிறகு வீட்டில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குள் சின்னச் சின்ன அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஒவ்வொருவரும் ஒன்று எடுப்பார்கள். வாக்குத்தத்தம் என்பார்கள். பயப்படாதே, உன்னோடு இருக்கிறேன் என்பது மாதிரி ஆறுதலாக வரும். அதுதான் அந்த வருடம் முழுவதற்கும். இந்த வருடம் ஜெயசீலன் அண்ணை எடுத்த அட்டையில் ஆறுதல் ஒன்றும் இல்லை. எழுந்து நினிவே மாநகருக்குப் போ என்று யோனா தீர்க்கதரிசிக்குக் கடவுள் சொன்ன வரி இருந்தது. ஊரிலும் இங்குமாக இருபது வருடத்தில் இப்படியோர் அட்டையை ஒருவரும் எடுத்ததில்லை. அண்ணை அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். இது தன்னை ஊருக்குப் போகச் சொல்கிற கட்டளை என்றார். கடிதம் வந்தது அப்போதுதான் ரஞ்சி அக்காவுக்கே தெரியும்.

அந்த அட்டையை எழுதியவன் நான்.

ஊரிலிருந்து கப்பலில் வரவேண்டிய அச்சடித்த அட்டைகள் வந்து சேரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எங்கே எதை எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வரும், பல்கலைக்கழகம் படிக்க வந்த கிளேட்டனிலும், அங்கிருந்து நான் வந்துபோகும் இந்த வீட்டிலும் அப்படியே. ரஞ்சி அக்கா தன் காலஞ்சென்ற தாயின் வேதப் புத்தகத்தை என்னிடம் தந்து, "அம்மா சிவப்புப் பென்சிலால கோடு போட்டதெல்லாத்தையும் பாத்து எழுது தம்பி" என்றார். அட்டை நூற்றிருபது. கோடு போட்டவை நூற்றிரண்டில் முடிந்துவிட்டன. நான் கரையோரத்துக் கத்தோலிக்கன். எங்கள் கோயிலில் இந்த வழக்கம் கிடையாது. வாக்குத்தத்தம் என்றால் வாக்குறுதி மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாது. வேதத்தில் உள்ளதெல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். மிச்சம் பதினெட்டையும் எனக்குப் பிடித்த இடங்களிலிருந்து நிரப்பினேன். யோனா கதையில் கடல் வருகிறது, அவர் தப்பி ஓடிய கப்பல் வருகிறது, அவரை விழுங்கிய மீன் வருகிறது. அவ்வளவுதான்.

அந்தத் தாய் கோடு போட்ட வசனம் என்றுதான் அண்ணையும் அக்காவும் நம்பினார்கள். புத்தகமோ இன்னும் என் பையில்.

காலை 8.30. பெனல்லா.

இருநூறு கிலோமீட்டர் கழிந்தது. இரு பக்கமும் காய்ந்த புல். வெயிலில் அது வைக்கோல் நிறம்கூட இல்லை, வெளிறிப் போயிருந்தது. செம்மறிகள் ஒரே ஒரு மரத்தின் நிழலில் நெருக்கிக்கொண்டு நின்றன. நாங்கள் வீதியோரத்தில் நிறுத்தி ரஞ்சி அக்கா தந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு கிழமை இருந்து பதினான்கு பக்கம் குறிப்பு எடுத்திருந்தேன். நான் படிப்பது மண்ணியல். ஆனால் ஒன்றைப் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது டண்டினொங் வீட்டுக் கணக்கு.

"சொல்லு தம்பி, இதுவரைக்கும் என்ன கண்டனீ?" என்றார் அண்ணை.

"இருந்தவர் எண்டு சொல்லுகினம் அண்ணை. இல்லை எண்டும் சொல்லுகினம்."

"இதுக்கோ பதினாலு பக்கம்?" என்றார் றொபேட். "என்னட்டை விட்டிருந்தால் ஒரு சிகரெட் பெட்டியில எழுதித் தந்திருப்பனே."

"நீர் ரோட்டைப் பாரும்" என்றார் அண்ணை.

காலை 10.50. ஆல்பரி.

மறே ஆற்றைக் கடந்து நியூ சவுத் வேல்ஸுக்குள் வந்தோம். எல்லையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தின் ஒரு பக்கம் ஒரு பலகை, மறுபக்கம் இன்னொரு பலகை. பெற்றோல் லீற்றர் பதினைந்து சதம். அடித்துவிட்ட மனிதர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சிட்னிக்கு என்றோம். கலியாணமா என்றார். றொபேட் சும்மா இருப்பாரா? யோனா என்ற ஒரு தீர்க்கதரிசி உண்மையில் இருந்தாரா என்று விசாரிக்கப் போகிறோம் என்றார்.

"திமிங்கிலத்துக்குள்ளே போன ஆளா?" என்று கேட்டார் அவர், காசை எண்ணிக்கொண்டே. "அதற்குச் சிட்னி எதற்கு? என் மாமியாரைக் கேளுங்கள். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

அண்ணை சிரிக்கவில்லை. காருக்குள் ஏறியதும் மெல்லச் சொன்னார்: "சந்தேகம் இல்லாத ஆக்களை எல்லாரும் பகிடி பண்ணுவினம். எனக்கெண்டால் அவையைப் பாக்கப் பொறாமையா இருக்கு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

மாலை 7.20. பரமட்டா, சிட்னி.

குண்டகாய், யாஸ், கோல்பேண் எல்லாம் கடந்து, பிக்டனுக்கு அப்பால் மலையில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, எண்ணூற்றெழுபது கிலோமீட்டர் முடித்தோம். தங்கியது டொக்டர் சுந்தரம் வீட்டில். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர், சைவர், பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. ரஞ்சி அக்கா அங்கே முன்பு வேலை செய்தபோது ஏற்பட்ட பழக்கம். சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூதனசாலையில் நினிவேப் பக்கம் மண் தோண்டி ஆராய்ந்த பெண் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, நேரம் கேட்டு வைத்தவரும் இவர்தான். சாம்பாரும் சோறும் போட்டுவிட்டுக் கதையை முழுதாகக் கேட்டார்.

"ஒரு சீட்டுல வந்துச்சுன்னு வேலைய விடறதா சார்? எங்க ஊர்ல கிளி சீட்டு எடுக்கும். கேட்டுட்டு, நாலணா குடுத்துட்டு, அவங்கவங்க வேலையப் பார்க்கப் போயிடுவாங்க."

"இது கிளி எடுத்ததில்லை டொக்டர். நான் எடுத்தது."

"கிளிக்கும் உங்களுக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டு பேருமே கண்ண மூடிட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஐயோ, கிளி கண்ணை மூடாது" என்றார் றொபேட்.

அண்ணையும் இந்த முறை சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "எழுதினவனுக்கும் தெரியாமல், எடுக்கிறவனுக்கும் தெரியாமல், அந்த நேரத்தில அந்தக் கடிதம் என்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது பாருங்கோ. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கும்தான் விளங்கவில்லை. தெரியாமல் எழுதியது நான். பதினெட்டு அட்டையில் அந்த ஒன்று மட்டும் அவர் கைக்குப் போவானேன்? பிழை என்று சொன்னால், பிழைக்குள் கடவுள் வரமாட்டார் என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால், நான் கடவுளுக்கு உதவி செய்கிறேனா, அல்லது என் தோலைக் காப்பாற்றுகிறேனா? இரண்டுக்கும் விடை தெரியாமல் டொக்டர் வீட்டுச் சோபாவில் படுத்தேன்.

தை 23, வெள்ளி. முற்பகல் 11.30. நூதனசாலை.

நுழைவுக்குக் காசில்லை. உள்ளே குளிர்ச்சி. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பானை, விளக்கு, முகம் உடைந்த தெய்வங்கள். டொக்டர் நேரம் கேட்டு வைத்த மிஸ் கார்ட்னர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். ஒரு கையில் சான்ட்விச், மறு கையில் பட்டியல் எழுதும் பென்சில். "என்னிடம் இருபது நிமிடம் இருக்கிறது, பத்து நிமிடம் சாப்பாட்டுக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சொன்னதை நான் இங்கே தமிழில் தருகிறேன்.

வேதத்தில் இஸ்ரவேல் அரசர்களின் வரலாற்றுப் பகுதியில் ஒரே ஒரு வரி வருகிறதாம். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் யெரோபெயாம் ஆண்ட காலத்தில், காத்தேப்பேர் என்ற ஊரைச் சேர்ந்த அமித்தாயின் மகன் யோனா என்ற தீர்க்கதரிசி இருந்தார். அரசனுக்கு எல்லை பெருகும் என்று சொன்னார். அவ்வளவே. "அப்படி ஒருவர் இருந்தார் என்று நம்ப எனக்குத் தடையில்லை" என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"ஆனால்" என்றார் மிஸ் கார்ட்னர், சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டு. மீன் விழுங்கிய கதையைச் சொல்கிற புத்தகம் வேறு. அது பல நூற்றாண்டு பிந்தி, அந்தப் பழைய பெயரை எடுத்து எழுதப்பட்டது என்பதுதான் அறிஞர்களில் பலருடைய எண்ணம். அதில் நினிவேயின் அரசனுக்குப் பெயரே இல்லை. யெரோபெயாம் காலத்தில் நினிவே தலைநகரமும் அல்ல. நகரத்தை நடந்து கடக்க மூன்று நாள் என்கிறது புத்தகம். "நான் அந்த மதில்களுக்குள் நடந்திருக்கிறேன். காலைத் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுபக்கம் நிற்பேன். வெயில் வேறு." நினிவேயை ஆண்ட அசீரியர்கள் எல்லாவற்றையும் களிமண்ணில் எழுதி வைத்தவர்கள், யோனா சொல்லக் கேட்டு ஊரே சாம்பலில் உட்கார்ந்து மனம் திரும்பிய கதையை மட்டும் எங்கும் எழுதவில்லை.

"அவருக்குக் கல்லறை இருக்கா?" என்று கேட்டார் அண்ணை.

"இரண்டு இருக்கிறது. ஒன்று ஈராக்கின் மோசூலில், நினிவே மேட்டின் மேலே, பள்ளிவாசலுக்குள். மற்றது நாசரேத்துக்குப் பக்கத்தில், அவருடைய ஊர் இருந்த இடம் என்று சொல்கிற கிராமத்தில்."

"அப்ப அவர் நினிவேக்குப் போனவரா, போகேல்லையா?"

"ஆள் இருந்தார். போன செய்தி எனக்குக் கிடைக்கவில்லை."

நான் இதைக் குறிப்பில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ரஞ்சி அக்கா கேட்டது ஆள் இருந்தாரா என்று. ஆள் இருந்தார். ஆனால் அட்டையில் இருப்பது ஆள் அல்ல, பயணம். பயணம் இல்லை. இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

மிஸ் கார்ட்னர் எங்கள் நாட்டைக் கேட்டார். இலங்கை என்றதும் ஏதோ நினைவு வந்தவராகச் சிரித்தார். யோனா நினிவேக்குப் போகாமல் கப்பலேறித் தப்பி ஓடப் பார்த்த தர்ஷீஸ் என்ற ஊர் எது என்பதிலும் சண்டை இருக்கிறதாம். பலர் ஸ்பெயின் என்பார்கள். போன நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயர் அது உங்கள் தெற்குக் கரையில் இருக்கும் காலித் துறைமுகம் என்றே எழுதி வைத்தார், இப்போது அதை நம்புவார் இல்லை என்றார்.

றொபேட் கையைத் தட்டினார். "கேட்டியளே அத்தான்! இலங்கைக்குப் போறதெண்டால் நீங்கள் கட்டளைக்குப் போற ஆள் இல்லை. தப்பி ஓடுற ஆள்!"

றொபேட் சொன்னதை மிஸ் கார்ட்னருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு, ஏன் இந்த விசாரணை என்றும் கேட்டார். அண்ணை அட்டையைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். மிஸ் கார்ட்னர் சான்ட்விச்சை மேசையில் வைத்துவிட்டார்.

"மன்னியுங்கள். பானை எந்த நூற்றாண்டு என்று கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியோடு இதுவரை ஒருவரும் வரவில்லை."

வெளியே படியில் நின்று அண்ணை சொன்னார்: "ஆள் இருந்தவர். அது போதும். திங்கள் லீவு. செவ்வாய்க்கிழமை நான் விலகல் கடிதம் குடுக்கிறன்."

தை 24, சனி. திரும்பும் வழி.

காலை ஐந்து மணிக்குப் பரமட்டாவை விட்டோம். யாஸுக்குக் கிட்ட, ஒன்பது மணிபோல, ஒரு கடையில் தலைக்கு நாற்பது சதத்துக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட பை என்ற பலகாரம் வாங்கிக் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். நான் பாதியைத் தாளில் சுற்றி வைத்தேன். செவ்வாய் வர மூன்று நாள்தான்.

"அண்ணை, அந்த வசனத்துக்குக் கோடு போட்டிருக்கேல்லை."

"எந்த வசனம்?"

"நீங்கள் எடுத்தது. அக்காவின்ர அம்மா போட்ட கோடெல்லாம் முடிஞ்சுது. மிச்ச அட்டையை நான் என்ர பாட்டில நிரப்பினனான். எனக்கு அந்த வழக்கம் தெரியாது அண்ணை."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, இடத்தைத் திறந்து முன்னால் நீட்டினேன். பக்கம் சுத்தமாக இருந்தது.

றொபேட் முதலில் சிரித்தார். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். காரை எடுத்தார்.

அங்கிருந்து ஆல்பரி வரை முந்நூறு கிலோமீட்டர்.  புத்தகம் அண்ணையின் மடியில் திறந்தபடியே இருந்தது. காற்றுக்குத் தாள் புரளும்போதெல்லாம் விரலால் அமத்திப் பிடித்தார். கோபமா, நிம்மதியா, பறிகொடுத்ததா, பின்சீற்றிலிருந்து பார்த்தால் ஒரு மனிதனின் பிடரியில் ஒன்றும் தெரியாது. மறே ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கேட்டார்:

"பதினெட்டு அட்டையில இதை ஏன் எழுதினனீ?"

"அப்பாவுக்குப் பிடிச்ச கதை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பாதர் வாசிக்கக் கேட்டவர். அந்தக் கப்பல்காரர் நல்ல ஆக்களாம். புயலுக்குக் குற்றவாளி ஆரெண்டு தெரிஞ்ச பிறகும் உடன கடலில தூக்கிப் போடேல்லையாம், கரைக்கு விடத் தண்டு வலிச்சுப் பாத்தவையாம். கடலுக்குப் போறவனுக்குத்தான் அது விளங்குமாம்."

"ம்" என்றார் அண்ணை. பிறகு, "எனக்கு அந்த இடம் வாசிச்ச ஞாபகமே இல்லை" என்று புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்.

மாலை 5.50. டண்டினொங்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. ரஞ்சி அக்கா குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுக்க முதல் அண்ணையே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒன்றும் விடாமல் சொன்னார். ஆள் இருந்தது, பயணம் இல்லாதது, இரண்டு கல்லறை, காலித் துறைமுகம், கடைசியாக அட்டை.

அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா கோடு போடேல்லையே?"

"இல்லை அக்கா."

"டேய், மூண்டு கிழமையா நான் செத்த மனிசியோட மனசுக்குள்ள சண்டை பிடிச்சுக்கொண்டு திரியிறன். போயும் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டாவாம், ஊருக்குக் கலைக்கிறாவாம் எண்டு. வார்டில பெட்சீற் விரிக்கேக்கையும் அவவோட பேச்சு."

கண்ணைத் துடைத்தார். வெங்காயத்துக்கா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். "போ, கையைக் கழுவிப்போட்டு வந்து தேங்காயைத் துருவு" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

பிறகு புருசனைப் பார்த்தார்.

"அப்ப போகவேண்டிய கட்டாயம் ஒண்டும் இல்லை."

"ஓம். இல்லை."

நான் துருவலையில் மற்றப் பாதித் தேங்காயை வைத்தேன்.

"ஆனால் ரஞ்சி, எனக்குப் போக விருப்பம்."

"அதை நீங்கள் கார்த்திகையிலேயே சொல்லியிருக்கலாமே! ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் ஓடி, செத்த மனிசனைச் சாட்சிக்குக் கூப்பிடாமல், இந்தக் கதிரையில இருந்து, எனக்குப் போக விருப்பம் எண்டு."

"நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்டு பயம்."

"மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். இப்பவும் நான் வரேல்லை. நீங்கள் போங்கோ. ஒரு வருசம் படிப்பிச்சுப்போட்டு வாங்கோ. வேலையில சம்பளமில்லாத லீவு கேளுங்கோ. திரும்பி வாற ரிக்கற் இல்லாமல் ஒரு தீர்க்கதரிசியும் இந்த வீட்டை விட்டு வெளிக்கிடேலாது."

றொபேட் வாய்க்குள் ஏதோ சொன்னார். "நீ வாயைப் பொத்து" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். இந்த மூன்று கிழமையில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

எனக்கு இன்னும் தெளியவில்லை. என் பிழையால் ஒரு வீடு ஒரு வருடத்துக்கு இரண்டாகிறதா? அல்லது என் பிழை இல்லாவிட்டால் அந்தக் கடிதம் சட்டைப் பைக்குள்ளேயே கிழிந்து போயிருக்குமா? பதினான்கு பக்கக் குறிப்பிலும் இதற்கு விடை இல்லை. யோனாவின் புத்தகமே அவரைக் கடவுள் கேட்கும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், வீட்டுக்குத் திரும்பினாரா என்று எழுதியவர் எழுதவில்லை. பிறவூர் போன எங்கள் ஆட்களைப் பற்றியும் அப்படித்தான், போன கதை தெரியும், மிச்சம் தெரியாது. ஜெயசீலன் அண்ணை மாசி 15ஆம் திகதி புறப்படுகிறார். வளர்ந்தவர் ஒருவர், மெல்பேண் – கொழும்பு – மெல்பேண் என்று எழுதிய, திரும்பி வரும் ரிக்கற்றுக்கு ரஞ்சி அக்கா தன் சம்பளத்திலிருந்து எழுநூற்றெண்பத்தாறு டொலர் கட்டினார். சிட்னிப் பயணத்துக்குப் பெற்றோலும் சாப்பாடும் நாற்பது. எல்லாமாக எண்ணூற்று இருபத்தாறு டொலர்.